அறை விழுவதற்கு முன்

அறை விழுவதற்கு முன்பே கொக்கு கண்ணை மூடிக்கொண்டான்.

வேறு யாராவது பார்த்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அவள் அந்தப் பழைய சிரிப்புப் படத்தைப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து பார்த்து வருகிறவள். எந்த இடத்தில் எந்தப் பாத்திரம் உருளும், எந்த வசனத்துக்கு நடுவே யார் தும்முவார்கள், சந்தைக் கூட்டத்தில் நிற்கும் எந்தக் கிழவர் தவறுதலாகக் கேமராவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது வரை எல்லாம் அத்துப்படி. இன்ஸ்பெக்டர் பீப்பாவின் கை காதோரம் வரை ஓங்கும். கான்ஸ்டபிள் கொக்கு அப்போதும் பல்லைக் காட்டியபடி, கண்ணை அகல விரித்து, ஒன்றும் விளங்காமல் நின்றுகொண்டிருப்பான். அந்த விளங்காமைதான் சிரிப்பே. பளாரென்று விழும். தொப்பி எகிறிப் போய்க் காய்கறிக் கூடையில் விழும். சந்தையே சிரிக்கும்.

இன்றைக்குக் கை ஓங்கும்போதே அவன் கண்கள் இறுக மூடின. தோள் குறுகியது. அடிபட்டுப் பழகிய தெருநாய், யாராவது கல்லெடுக்கக் குனிந்தாலே ஒடுங்குமே, அப்படி.

அவள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மாத்திரை மயக்கம். வேறென்ன.

அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். போன வாரம் கொட்டுகிற மழையில் ஒரு நோயாளியை இறக்க உதவப் போனவள், ஸ்ட்ரெச்சர் சக்கரம் நழுவியதில் காலை முறித்துக்கொண்டாள். இப்போது விரல் நுனியிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. ஊரெல்லாம் சைரன் போட்டுப் பறந்தவள், கூடத்துச் சோபாவில் தலையணைகளுக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள்; குளியலறைக்குப் போவதென்றால்கூட இரண்டு ஊன்றுகோலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கணவன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரன். காலையில் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்தில்தான் வருவான். போகும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான், அவள் எழுந்து வந்து திறக்க வேண்டாமே என்று. போகிற போக்கில் அந்தப் படத்தையும் ஓடவிட்டுப் போனான்.

"சிரிச்சுக்கிட்டே கெட, டிரைவரம்மா. வலி ஓடிப் போயிடும்."

"சரிங்க மாஸ்டர்."

அவன் சொன்னது பொய்யில்லை. கட்டுக்குள்ளே எலும்பு விண்விண்ணென்று தெறிக்கும்போது, வாய்விட்டுச் சிரிக்கிற அந்த ஒரு நொடி மட்டும் வலி விலகி நின்றது. படத்தில் அவளை அப்படிச் சிரிக்க வைப்பது ஒரே இடம்தான். அதனால் அந்த இடம் வந்ததும் பின்னால் ஓட்டினாள். மறுபடி அறை. மறுபடி சிரிப்பு. மறுபடி பின்னால். மழை பிடித்த மதியம் முழுக்க அவள் கொக்குவை அடி வாங்க வைத்துக்கொண்டே இருந்தாள். எத்தனை முறை என்று அவளுக்கே கணக்கில்லை.

அந்தக் காட்சி அவர்கள் வீட்டில் ஒரு விளையாட்டும்கூட. சாவியைக் காணோம், கண்ணாடியைக் காணோம் என்று எதற்காகவாவது வீடு அமளிதுமளிப்படும்போது கணவன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பீப்பாவாகிவிடுவான். "எங்கய்யா என் லத்தி?" என்பான். அவள் உடனே கொக்கு. "ஐயா கையிலதான் இருக்குங்க ஐயா." "என் கையில இருந்தா எனக்குத் தெரியாதா?" "தெரியாதுங்க ஐயா." உடனே பளார். கன்னத்தில் படாமல் காற்றில் வீசி, தன் தொடையில் தட்டி ஓசை எழுப்புவான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிவாள். கல்யாணமான புதிதில் தொடங்கியது. இருவருக்கும் தலையில் நரை விழத் தொடங்கிய பிறகும் விடவில்லை.

அவள் மறுபடி பின்னால் ஓட்டினாள்.

சந்தை. கூச்சல். பீப்பா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். "எங்கய்யா என் லத்தி?" கொக்கு பதில் சொன்னான். ஆனால் பல்லைக் காட்டவில்லை. சொல்லிக்கொண்டே அரை அடி பின்னால் நகர்ந்தான். அறை விழுந்தது. சத்தம் கேட்டது. தொப்பி எகிறவில்லை. அவனே அதைக் கழற்றி, கைகளில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றான். சந்தை வழக்கம்போலச் சிரித்தது.

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். பின்னணியில் பாத்திரம் கழுவும் இரைச்சல்.

"என்னடி, வலிக்குதா?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும். அந்தச் சந்தை சீன்ல கொக்கு கண்ண மூடுவானா?"

"அடி வாங்குறவன் கண்ண மூடாம என்ன பண்ணுவான்?"

"அடி விழுறதுக்கு முன்னாடியே மாஸ்டர். அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி."

அவன் சிரித்தான். "இத்தனை வருஷமா அடி வாங்குறான். இப்பவாவது தெரிய வேணாமா?"

அவளும் சிரித்தாள். போனைச் சோபாவின் கைப்பிடிமேல் வைத்தாள்.

ஒரு தடவை பார்த்துவிடலாம், அதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆம்புலன்ஸில் பின்னால் ஏதோ ஓசை கேட்டால், கண்ணாடியில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு மேலே ஓட்டுவாளே, அது போல. பின்னால் ஓட்டினாள்.

இந்த முறை காட்சி தொடங்கும்போதே கொக்குவின் கன்னம் வீங்கியிருந்தது. முகத்தில் அப்பியிருந்த பவுடருக்கு அடியிலிருந்து விரல் தடங்கள் சிவப்பாக எழுந்து நின்றன, ஒன்றின்மேல் ஒன்றாக, எது எந்த அடி என்று பிரிக்க முடியாதபடி. பீப்பா கேள்வி கேட்டார். கொக்கு அவரைப் பார்க்கவில்லை. சந்தையைப் பார்க்கவில்லை. கழுத்தை மெதுவாகத் திருப்பினான், துருப்பிடித்த கதவு திரும்புவதுபோல. நேராக வெளியே பார்த்தான். அவளை.

பிறகு அவளிடமிருந்து கண்ணை எடுக்காமலே நடந்தான். கால் அளவுக்கு மிஞ்சிய அவன் பூட்ஸ் படம் முழுக்க எழுப்புகிற அந்தக் கோமாளி ஓசை, சரக், தொப், சரக், தொப் என்று கேட்டது. திரையின் ஓரத்துக்கு வந்தான். ஓரத்தைத் தாண்டினான். அதன்பின் திரையில் அவன் இல்லை.

பீப்பாவின் கை வெறும் காற்றில் வீசியது. பளார் என்று கேட்டது. சந்தை சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தவும் இல்லை. ஏன் நிறுத்தவில்லை என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அடுத்த காட்சியில் அவன் வந்துவிடுவான் என்று காத்திருந்தாள். அடுத்தது இருவரும் ஒரே சைக்கிளில் திருடனைத் துரத்தும் காட்சி. பீப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் யாருமில்லை. சைக்கிள் ஓடியது. "வேகமா மிதிடா, சோம்பேறி!" என்று அவர் காலி இருக்கையைப் பார்த்துக் கத்தினார். பதில் வர வேண்டிய இடத்தில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது, படத்தின் மழையா வீட்டின் மழையா என்று தெரியாத ஒரு சத்தம். கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, வராத பதிலுக்குத் திட்டி, வராத பதிலுக்குக் காதைப் பொத்தி, அவர் தன் பங்கை வரி தவறாமல் செய்துகொண்டே போனார். அவர் நெற்றியில் மட்டும் வியர்வை அரும்பியிருந்தது.

சரக். தொப்.

அது தொலைக்காட்சியிலிருந்து வரவில்லை.

அவள் ரிமோட்டை அழுத்தினாள். படம் அணைந்தது. அணைந்த திரை கறுப்புக் கண்ணாடியாகி அறையை அவளுக்கே திருப்பிக் காட்டியது. சோபா. தலையணைமேல் வெள்ளையாகக் கால். திரைச்சீலை வழியாகக் கசிகிற சாம்பல் வெளிச்சம். அவளுக்குப் பின்னால் சமையலறை வாசல். வாசலில், நிலையை ஒட்டி, உயரமாக ஒன்று.

தரை துடைக்கிற கட்டையாக இருக்கும். கணவன் அவசரத்தில் சாய்த்து வைத்திருப்பான். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றாள். சோபாவின் முதுகு உயரம். கால் அசைய மறுத்தது. இடுப்புக்குக் கீழே மின்னல் மாதிரி ஒரு வலி வெட்டியது. திரும்பவும் கறுப்புத் திரையைப் பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது. அந்த உயரமான ஒன்று இப்போது வாசலுக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றது.

அவள் தொலைக்காட்சியை மறுபடி போட்டாள். கறுப்பைவிட அந்தப் படம் மேல்.

வாடை முதலில் வந்தது. நனைந்த காக்கித் துணியின் முடை. அதற்குமேல் இனிப்பாக, திகட்டலாக, மேக்கப் பவுடரின் மணம். சூடான விளக்குக்குக் கீழே நெடுநேரம் நின்றவனின் உடம்பில் பவுடரும் வியர்வையும் கலந்து புளிக்குமே, அது. வீட்டில் யாரும் பவுடர் போடுவதில்லை. சமையலறையில் தகர வாளி ஒன்று கவிழ்ந்தது. கடகடவென்று உருண்டது. அந்த ஓசை அவளுக்குத் தெரியும். படத்தில் கொக்கு வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு படியெல்லாம் உருளுவான். அவர்கள் வீட்டில் தகர வாளியே கிடையாது.

பயத்தில் மனிதர்கள் என்னவெல்லாமோ செய்வார்கள் என்று வேலையில் அவள் பார்த்திருக்கிறாள். விபத்தில் கை போனவன் ஒருவன் தன் செருப்பைத் தேடித் தரச் சொல்லி அழுதான். இப்போது அவளுக்கும் அப்படி ஒன்று நேர்ந்தது. வாளி உருண்டு நின்ற அந்த நொடியில், எத்தனையோ வருடப் பழக்கத்தில், அவள் வாயிலிருந்து 'க்ளுக்'கென்று ஒரு சிரிப்பு தெறித்துவிட்டது.

வீடு அடங்கியது. மழைகூட அடங்கியதுபோல இருந்தது. பின்னால் எதுவோ காது கொடுத்துக் கேட்டது. அந்தக் கேட்பை அவள் பிடரியில் உணர்ந்தாள், ஈரத் துணியைப் போட்டதுபோல.

வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றக் கையால் போனைத் துழாவினாள். விரல் பட்டு அது கைப்பிடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. யாரோ காலால் எத்தியதுபோலச் சர்ரென்று வழுக்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய்விட்டது. ஊன்றுகோல்களைத் தேடினாள். தலைமாட்டில், கைக்கெட்டும் தூரத்தில்தான் சாய்த்து வைத்திருந்தாள். அங்கே இல்லை. தொலைக்காட்சிக்கு அருகில், சுவர் மூலையில், இரண்டும் ஒன்றாகக் கட்டி நிறுத்தியதுபோல நின்றன.

போன் அடித்தது. சமையலறையில்.

கணவனுக்கென்று வைத்திருக்கும் மணியோசை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. தானாக நிற்கும் நேரத்துக்கு முன்பே நின்றது.

"மாஸ்டர்!" என்று கத்தினாள். "மாஸ்டர், சீக்கிரம் வாங்க!" அடித்தொண்டையிலிருந்து கத்தினாலும் அது சமையலறை வரை போன மாதிரி தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்காது. மழை மறுபடி வலுத்துவிட்டது.

திரையில் பீப்பா இப்போது காவல் நிலையத்தில் இருந்தார். அந்தக் காட்சி அவளுக்குத் தெரியும். அவர் மேசைமேல் ஏறி ஆட வேண்டும். ஆடவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். "டேய்," என்றார் மெதுவாக. பிறகு, அவள் ஒருநாளும் அவர் வாயிலிருந்து கேட்டிராத குரலில், "தம்பி, எங்கப்பா போனே?" என்றார். வியர்வையில் ஒட்டுமீசை ஒருபக்கம் பெயர்ந்து தொங்கியது. மெல்ல நிமிர்ந்தார். வெளியே பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், பார்த்தார். பார்த்ததும் அந்தப் பெரிய உடம்பு நடுங்கியது.

"நான் வேலையத்தான் செஞ்சேன்," என்றார். கைகளைக் கூப்பிக்கொண்டார். "அவங்க சொல்லிக் குடுத்தத செஞ்சேன். ஒரு தடவ. ஒரே ஒரு தடவதான் அடிச்சேன்."

அவர் விரல் உயர்ந்தது. திரைக்கு வெளியே நீண்டது.

"மிச்சமெல்லாம் அந்தம்மா."

'படம்தானே' என்று அவள் சொல்ல நினைத்தாள். யாரிடம் சொல்வது? சோபா முதுகின் மெத்தை, அவள் காதுக்கு அருகில், மெதுவாக அமுங்கியது. யாரோ முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்வதுபோல. பவுடர் வாடை மூக்கை அடைத்தது. மூச்சுச் சத்தம் இல்லை. மூச்சு இல்லை. ஆனால் அருகில். மிக அருகில். கன்னத்தில் ஒரு குளிர். தொடவில்லை. தொடப் போகிற குளிர்.

பார்க்காதே. திரும்பாதே. சிரிக்காதே.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. வெளிக்கதவில் சாவி திரும்பும் ஓசை கேட்டபோது சன்னல் இருண்டிருந்தது.

"என்னடி, லைட்டுகூட போடாம?"

விளக்கு எரிந்தது. கணவன் நனைந்த குடையை மூலையில் சார்த்தினான். கையில் ஒரு பொட்டலம். கூடம் வழக்கம்போல இருந்தது. சோபாவுக்குப் பின்னால் யாருமில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. மெத்தை மட்டும் இன்னும் அமுங்கியே இருந்தது. அவள் காதோரத்தில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

"மாஸ்டர், வாங்க, இங்கேர்ந்து போயிடலாம்."

"எங்க?"

"எங்கயாவது. உங்க அக்கா வீட்டுக்கு. ஆஸ்பத்திரிக்கு. என்னைத் தூக்குங்க. இப்பவே."

அவன் பொட்டலத்தை வைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கண்ணில் நிஜமான கவலை. "சுடலையே. மாத்திரைய வெறும் வயித்துல போட்டியா?" என்றபடி சமையலறைக்குள் போனவன், கையில் அவள் போனோடு திரும்பினான். "இத ஏன் அடுப்பு மேடையில கொண்டு போய் வெச்சிருக்க? கட்டோட கிச்சன் வரைக்கும் நடந்தியா?"

"நான் போகல."

"நல்ல ஆளுடி நீ. போன் பண்ணா எடுத்துட்டு ஒரு வார்த்த பேசாம கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே இருக்க. சரி, வலி இல்லாம இருக்கியேன்னு சந்தோஷமா வெச்சிட்டேன்."

அவள் அழத் தொடங்கினாள். சத்தம் வராத அழுகை. எல்லாவற்றையும் சொன்னாள். கொக்கு கண்ணை மூடியது, நடந்து வெளியே போனது, வாளி, பீப்பா நீட்டிய விரல். சொல்லச் சொல்ல அது வெறும் பிதற்றலாக மாறுவது அவளுக்கே கேட்டது. ராத்திரி வண்டியில் ஏற்றிப்போன காய்ச்சல்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள். அவர்களிடம் அவள் என்ன சொல்வாளோ, அதையே கணவனும் சொன்னான்.

"ஒண்ணும் இல்லம்மா. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அவள் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டான். அடுப்பில் பழகிய அகலமான சூடான கை. தொலைக்காட்சிப் பக்கம் தலையைத் திருப்பினான். பார்த்தான். சிரித்தான்.

"இங்க பாரு. கொக்கு இருக்கானே. என்னமா ஆட்டுறான் தலைய!"

திரையில் பீப்பா மட்டும்தான் இருந்தார். தனியாக நின்று, நடுங்கும் உதட்டால், தன் வசனத்தைச் சொன்னார். பதிலுக்கு வெறுமை. அந்த வெறுமைக்குச் சரியாக, நூல் பிடித்தாற்போல, கணவன் சிரித்தான். மறுபடி வெறுமை. மறுபடி சிரிப்பு. அவனுக்குக் கேட்கிறது. எங்கிருந்தோ.

"அந்தச் சந்தை சீன் போடட்டுமா? ஒரு தடவ சேர்ந்து பாத்தா உன் பயமெல்லாம் போயிடும்."

"வேணாம். மாஸ்டர், கால்ல விழுறேன். அது மட்டும் வேணாம்."

"அட, இருடி."

வலது கையால் ரிமோட்டை எடுத்தான். படம் பின்னால் ஓடியது. சந்தை. கூச்சல். பீப்பா நிற்கிறார். அவர் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தைக் கூட்டமும் அசையாமல் நின்றது, எதற்கோ காத்திருப்பதுபோல. கணவன் திரையைப் பார்க்கவில்லை. அவளைச் சிரிக்க வைத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டான். ரிமோட்டை மடியில் போட்டு, வயிற்றைத் தள்ளி, கன்னத்தை உப்பினான்.

"எங்கய்யா என் லத்தி?"

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்.

"ஐயா கையிலதான் இருக்குங்க ஐயா."

அவள் காதோரத்திலிருந்து வந்தது. மெல்லிய, மூக்கால் பேசுகிற குரல். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்ட குரல். அவள் கன்னத்தோடு ஒரு கன்னம் ஒட்டியது. சில்லென்று. பவுடர் அப்பிய, வீங்கிய கன்னம்.

கணவனின் கண்கள் அகன்றன. பூரிப்பில். "அடிப்பாவி! அச்சு அசல் அவன் குரல்டி!" உற்சாகம் பிடித்துக்கொண்டது. "என் கையில இருந்தா எனக்குத் தெரியாதா?"

சொல்லாதே. அவள் வாய் திறந்து, மூச்சு மட்டும் வந்தது. ஓங்காதே. ஓங்காதே.

"தெரியாதுங்க ஐயா."

அவன் வலது கையை ஓங்கினான், காதோரம் வரை, பீப்பா ஓங்குவதுபோலவே, முகமெல்லாம் சிரிப்போடு.

கை அங்கேயே நின்றது.

"ஏய்," என்றான். சிரித்தான். இழுத்துப் பார்த்தான். வரவில்லை. "விடுடி."

அவள் கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை. அவன் மணிக்கட்டுத் தோல் வெளுத்தது. ஒரு கோடு பதிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நீளமான, ஒல்லியான பள்ளங்கள், ஒவ்வொன்றாக.

"விடுடி... வலிக்குது."

இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு குனிந்து பார்த்தான். அவளுடைய இரண்டு கைகளும் அவனுடைய இடது கைக்குள், அவன் மடிமேல், அசையாமல் கிடந்தன.

சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க அவனுக்கு மறந்துவிட்டது. உதடு விரிந்தபடியே இருக்க, கண் மட்டும் மெதுவாக மேலே போனது, ஓங்கிய கையை நோக்கி.

மணிக்கட்டு திரும்பத் தொடங்கியது. மெதுவாக. திரும்பக்கூடாத பக்கமாக.

அவள் கன்னத்தோடு ஒட்டியிருந்த அந்தக் கன்னம் அசைந்தது. இழுபட்டது. காது வரை விரிந்தது.

கட்டை முறிவதுபோல ஓர் ஓசை கேட்டது. சந்தை முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது.